ரத்தம் கக்கின பிறகுதான் பார்ப்போமா?

“குடிச்சான், ரத்தம் கக்கிச் செத்தான்.”

காஞ்சிபுரத்தில் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் இந்த வாக்கியம் கிடைக்கும். சாவு வீட்டு வாசலில் ஷாமியானா கட்டும்போதே சொல்லி முடிச்சிடுவாங்க. அதுக்கு மேல ஒரு கேள்வி கிடையாது. நோய் என்ன, எப்போ ஆரம்பிச்சது, தடுத்திருக்க முடியுமா, எதுவும் கிடையாது.

எனக்கு இந்த வாக்கியத்தோடதான் சண்டை. த்ரெட் நீளம். பொறுமையா படிங்க, உங்க வீட்டுல யாருக்காவது உதவும்.

நான் லிவர் ஸ்பெஷலிஸ்ட் கிடையாது. எம்.பி.பி.எஸ். முடிச்சிட்டு அரசு மருத்துவமனையில் டூட்டி பார்க்கிற டாக்டர். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு லுங்கி முழுக்க ரத்தத்தோட ஆட்டோவில் வந்து இறங்குறவரை முதலில் தொடுறது எங்களை மாதிரி ஆளுங்கதான். கூட வந்தவங்க சொல்றது பெரும்பாலும் ஒண்ணுதான்: “நேத்து வரைக்கும் நல்லா இருந்தாரு சார், திடீர்னு இப்படி.”

திடீர்னு வரலைங்க. வருஷக்கணக்கா வந்துக்கிட்டே இருந்தது. யாரும் பார்க்கலை.

எப்படின்னு சொல்றேன். நம்ம ஊருக்குள்ள ஓடுற வேகவதியை எடுத்துக்குங்க. ஆத்தங்கரையை ஆக்கிரமிச்சு, குறுக்கி, குப்பையைக் கொட்டி வச்சிருக்கோம். 2015லயும் 2021லயும் மழை வெளுத்து வாங்கினப்ப என்ன பார்த்தோம்? தண்ணி ஆத்துல போக வழியில்லாம பக்கத்துத் தெருவுக்குள்ள புகுந்தது. சந்து இருந்தது நாலு பேர் நடக்கிறதுக்கு, அதுல ஓடினது ஆத்துத் தண்ணி.

வயித்துக்குள்ள நடக்கிறதும் இதேதான். குடல், மண்ணீரல் எல்லாத்துலயும் இருந்து வர்ற ரத்தம் போர்ட்டல் வெயின் என்கிற பெரிய ரத்தக்குழாய் வழியா கல்லீரலுக்குள்ள போகுது. நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். கல்லீரல் நல்லா இருந்தா ஸ்பாஞ்ச் மாதிரி அதை வாங்கி, சுத்தம் பண்ணி, இதயத்துக்கு அனுப்பிடும். வருஷக்கணக்கா அடிவாங்கின கல்லீரல் தழும்பு ஏறி இறுகிப் போயிருக்கும். இதைத்தான் சிரோசிஸ், கல்லீரல் இறுக்கம், கல்லீரல் சுருக்கம்னு சொல்றோம். ரத்தம் உள்ளே போக முடியாது. போர்ட்டல் வெயின்ல அழுத்தம் ஏறும். அப்புறம் ரத்தம் சந்து தேடும்.

அந்தச் சந்துகள்ல முக்கியமானது உணவுக்குழாயோட அடிப்பகுதி. அங்கே இருக்கிற மெல்லிசான ரத்தக்குழாய்கள் புடைச்சு, சுருண்டு, பூரான் மாதிரி தடிச்சுப் போகும். கால்ல நரம்புச் சுருட்டல் பார்த்திருப்பீங்களே, அதே சமாச்சாரம் உணவுக்குழாய்க்குள்ள. பேரு வேரிசஸ். இந்த அழுத்தத்தை அளக்கவே முடியும். சாதாரணமா 5க்குள்ள இருக்கும். 10ஐத் தொட்டா புடைப்பு உருவாகும். 12ஐத் தாண்டினா வெடிக்கிற ஆபத்து. வெடிச்சா குழாய் திறந்த மாதிரி ரத்தம்.

இப்போ கவனிங்க. 5ல இருந்து 12க்குப் போறது ஒரு ராத்திரி வேலை இல்லை. சிரோசிஸ்னு கண்டுபிடிக்கிற நேரத்திலேயே கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இந்தப் புடைப்பு இருக்கும். ஒரு எண்டோஸ்கோப்பி பண்ணினா கண்ணால பார்க்கலாம். பெரிசா சின்னதா, மேல சிவப்புத் திட்டு இருக்கா இல்லையா, எல்லாம் தெரியும். எது வெடிக்கப் போகுதுன்னு ஓரளவு முன்கூட்டியே சொல்லிடலாம்.

அதைவிட முக்கியம், தடுக்கலாம்.

1981ல் பாரிஸ்ல லெப்ரெக் என்கிற டாக்டரும் அவர் குழுவும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஏற்கெனவே ஒரு தடவை ரத்தம் கக்கின சிரோசிஸ் நோயாளிகள் 74 பேர். பாதிப் பேருக்கு ப்ரோப்ரனலால், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 96 சதவீதம் பேருக்கு மறுபடி ரத்தக்கசிவு இல்லை. வெறும் மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 50 சதவீதம்தான். பின்னாடி வந்த ஆய்வுகள்ல இவ்வளவு பளிச்னு வரலை, அதையும் சொல்லிடணும். ஆனா திசை மாறலை. பெரிய புடைப்பு இருந்து இன்னும் ஒரு தடவைகூட ரத்தம் கக்காதவங்களுக்கும் இந்த வகை மாத்திரை ஆபத்தை ஏறத்தாழ பாதியாக் குறைக்கும். இப்போ கார்வெடிலால்னு இன்னொண்ணு வந்திருக்கு, பல பேருக்கு அதைத்தான் முதல்ல கொடுக்கிறோம்.

இது எதுவும் ஏதோ அமெரிக்கா மருந்து இல்லைங்க. ரத்தக்கொதிப்புக்கும் இதயத்துக்கும் நாம காலங்காலமா கொடுக்கிற மாத்திரை. வெளியில காசு கொடுத்து வாங்கினாலும் ஒரு நாள் மாத்திரைச் செலவு ஒரு டீ விலையைத் தாண்டாது. மாத்திரை ஒத்துக்காதவங்களுக்கு பேண்டிங் இருக்கு. எண்டோஸ்கோப்பி வழியா புடைப்பு மேல ஒரு சின்ன ரப்பர் வளையத்தைப் போட்டுடுவாங்க. புடைப்பு சுருங்கி விழுந்திடும்.

அப்போ ஏன் நம்ம ஆளுங்க ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தத்தோட வர்றாங்க?

என் பதில் இதுதான். இவங்களுக்கு இது “வேணும்”னு நாம முடிவு பண்ணி வச்சிருக்கோம். குடும்பம், தெரு, டாக்டர், அரசாங்கம் எல்லாரும் சேர்ந்து.

கோபம் வருதா? ஒண்ணு கேக்குறேன். சுகர் இருக்கிறவர் ஜிலேபி சாப்பிட்டுட்டு காலை இழந்தா “வேணும்”னு சொல்றோமா? ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் சிகரெட் பிடிச்சவருக்கு ஹார்ட் அட்டாக் வந்தா ஆம்புலன்ஸை மெதுவா ஓட்டச் சொல்றோமா? 2023ல் தமிழக அரசு ‘இதயம் காப்போம்’னு ஒரு திட்டம் கொண்டு வந்தது. நெஞ்சு வலின்னு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே உயிர் காக்கிற மாத்திரைகளை அங்கேயே கொடுத்திடணும். அருமையான திட்டம். மாத்திரை கொடுக்கிறதுக்கு முன்னாடி “பீடி குடிச்சியா?”ன்னு கேட்டு யாரும் தீர்ப்பு எழுதுறது இல்லை.

உணவுக்குழாய் நோய் இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. நம்ம ஊர்ல பிறந்த அண்ணா, 1969 பிப்ரவரி 3ல் உணவுக்குழாய் புற்றுநோயாலதான் இறந்தார். அவருக்குப் பொடி போடுற பழக்கம் இருந்தது ஊரறிஞ்ச விஷயம். யாராவது “பொடி போட்டாரு, போனாரு”ன்னு சொன்னாங்களா? நாடே அழுதது. காரப்பேட்டையில அவர் பேர்ல புற்றுநோய் மருத்துவமனை வந்தது. சரியாத்தான் பண்ணினோம். அந்த மரியாதையில கொஞ்சம் பிள்ளையார்பாளையத்து நெசவாளிக்கும் கொடுங்கன்னு கேக்குறேன்.

அடுத்து கடைக்கு வருவோம். 2003ல இருந்து தமிழ்நாட்டுல சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில. 2023-24ல் அதனால அரசுக்கு வந்த வரி வருமானம் 45,855 கோடி ரூபாய். ஒரு குவார்ட்டர்ல எவ்வளவு சுத்த ஆல்கஹால் இருக்குன்னு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கீங்களா? 180 மில்லி, 42.8 சதவீதம்னா சுமார் 60 கிராம். தினம் அந்த அளவு, பத்துப் பதினஞ்சு வருஷம்னா, கல்லீரலைக் கெடுக்க அதுவே தாராளம். “நான் பீர் மட்டும்தான் சார்”னு ஒரு கோஷ்டி வரும். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒண்ணுல சுமார் 40 கிராம். கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

2023 மே மாசம் மரக்காணத்துலயும் பக்கத்துல செங்கல்பட்டு மாவட்டத்துலயும் விஷச்சாராயம் குடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல. டிவி கேமரா வந்தது, அமைச்சர்கள் வந்தாங்க, குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவிச்சாங்க, அதிகாரிகளை மாத்தினாங்க. அந்தக் குடும்பங்களுக்கு உதவினது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா மெத்தனால் குடிச்சவன் ஒரே வாரத்துல, ஒரே ஊர்ல, கூட்டமா செத்தான். அதனால செய்தி. சீல் வச்ச பாட்டிலைக் குடிச்சவன் பதினஞ்சு வருஷம் கழிச்சு, தனியா, ஒரு வார்டு மூலையில ரத்தம் கக்கிச் சாகிறான். அது வெறும் விதி. ரெண்டு பேரும் குடிச்சது சாராயம்தான். ஒருத்தர் சாவுக்கு விசாரணை கமிஷன், இன்னொருத்தர் சாவு வரவு-செலவுக் கணக்குல ஒரு வரி.

மதுவிலக்கு வேணுமா வேண்டாமான்னு இங்க சண்டை போட வரலை. அதை ஐம்பது வருஷமா போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். 1971ல் திறந்தோம், 1974ல் மூடினோம், 1981ல் மறுபடி திறந்தோம். நான் கேக்கிறது ரொம்பச் சின்ன விஷயம். விக்கிற கை, வர்ற பணத்துல ஒரு துளியை எடுத்து, குடிச்சவனோட உணவுக்குழாயை ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்க்கட்டும். பாட்டில் மேல அறிவுரை அச்சடிச்சா கடமை முடிஞ்சதா?

2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியா பிரஷருக்கும் சுகருக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறாங்க. அந்தப் பையில ஏற்கெனவே பிரஷர் மாத்திரை இருக்கு. அந்த அக்கா வாசலுக்கு வர்றப்ப, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தா, அதே வீட்டுல இருக்கிற சிரோசிஸ் நோயாளிக்கும் ப்ரோப்ரனலாலோ கார்வெடிலாலோ கொடுத்திட்டுப் போகலாமே? புதுசா ஒரு கட்டடம்கூடத் தேவையில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நம்ம ஊர்ல “மாசா மாசம் வந்து பாருங்க”ன்னு சொல்றது எவ்வளவு பெரிய வார்த்தைன்னு வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது.

பேண்டிங் ஒரு தடவை போட்டா முடியாது. ரெண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை, புடைப்பு மறையுற வரைக்கும் போடணும். மூணு நாலு தடவை ஆகும். அப்புறமும் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை பார்க்கணும். குடல், கல்லீரல் சிறப்பு மருத்துவர்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்லதான் இருக்காங்க. செங்கல்பட்டு சுமார் 40 கிலோமீட்டர், சென்னை 75. தூரம் கம்மிதானேன்னு தோணும்.

தறிக்காரரைக் கேளுங்க. கோர்வைப் புடவை நெய்ய ரெண்டு பேர் வேணும். பார்டர் பக்கம் நாடா தள்ள பெரும்பாலும் மனைவியோ பிள்ளையோ உட்காருவாங்க. அவர் ஆஸ்பத்திரிக்குப் போனா துணைக்கு மனைவியும் போகணும். ரெண்டு பேரும் எழுந்தா தறி நின்னுடும். பாதி நெய்ஞ்ச புடவை அப்படியே கிடக்கும். புடவையை இறக்கினாத்தான் கூலி. முதலாளிகிட்ட வாங்கின முன்பணம் தலைக்கு மேல நிக்கும். அதுலயும் முகூர்த்த சீசன்னா கேக்கவே வேண்டாம். “ஒழுங்கா ஃபாலோ-அப் வரலை, அக்கறை இல்லாத பேஷண்ட்”னு நோட்டுல எழுதறது சுலபம். அக்கறை இல்லாம இல்லைங்க, அவங்களால தறியை விட்டு எழுந்து வர முடியலை.

அதனால என் கோரிக்கை: ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் 24 மணி நேரமும் எண்டோஸ்கோப்பியும் பேண்டிங்கும், பண்றதுக்கு ஆளும். இன்னொண்ணு, ‘இதயம் காப்போம்’ மாதிரி இதுக்கும் ஒரு முதல் டோஸ். ரத்த வாந்தியோட வந்தவருக்கு சிரோசிஸ்னு சந்தேகம் இருந்தா, டாக்டர் பார்த்து, ஆன்டிபயாடிக் ஊசியையும் போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கிற மருந்தையும் முதல் ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பிச்சிட்டு அப்புறம் ஆம்புலன்ஸ்ல ஏத்தணும். ரத்தக்கசிவுக்கு எதுக்கு ஆன்டிபயாடிக்னு கேப்பீங்க. இந்த நோயாளிகளை ரத்த இழப்போட சேர்ந்து கிருமித்தொற்றும் கொல்லுது. ஆன்டிபயாடிக் கொடுத்தா சாவு குறையுதுங்கிறது நிரூபிச்ச விஷயம். மருந்து ஒண்ணும் அபூர்வமானது இல்லை, எந்த ஜி.எச்.லயும் இருக்கிற செஃப்ட்ரியாக்சோன்தான்.

திருமுக்கூடல் கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்கு. 11ஆம் நூற்றாண்டு, வீரராஜேந்திர சோழன் காலம். அங்கே இருந்த ஆதுலர் சாலையில 15 படுக்கை, ஒரு வைத்தியர், அறுவை செய்யறவர், பணிப்பெண்கள், மருந்து கொண்டு வர்றவங்க, இது போக வருஷத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளோட பட்டியல்னு எல்லாத்தையும் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. மருந்து இருப்பைக் கல்லுல எழுதின ஊரு இது. ரெண்டு ஊசி மருந்தை எமர்ஜென்சி ட்ரேயில வைங்கன்னு கேக்குறது பேராசை இல்லை.

என் துறையையும் விட மாட்டேன். கேஸ் ஷீட்ல “ஆல்கஹாலிக்”னு ஒரு வார்த்தை விழுந்ததும் சில பேரோட குரலே மாறிடும். “இன்னும் குடி” என்கிற நக்கல். டிஸ்சார்ஜ் சம்மரியில “மது அருந்தக் கூடாது”ன்னு கொட்டை எழுத்துல இருக்கும். பீட்டா ப்ளாக்கர் மாத்திரை இருக்காது. அடுத்த எண்டோஸ்கோப்பி எப்போன்னு தேதி இருக்காது. மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு இருக்காது. பத்து வருஷக் குடியை ஒரு அறிவுரையில விட முடியும்னா டாக்டரே தேவையில்லை, மாமியார் போதும். போதாக்குறைக்கு, தினம் குடிக்கிறவர் வீட்டுல தானா திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் வரலாம், புத்தி பேதலிக்கலாம். அதுக்கு மருந்து இருக்கு. அரசு மருத்துவமனையில இலவசம். விட்டா பலன் உண்டா? உண்டு. மகோதரம் வந்து வயிறு வீங்கின பிறகுகூட, குடியை முழுசா விட்டவங்களுக்கு போர்ட்டல் அழுத்தம் குறைஞ்சு, உடம்பு தேறி, வருஷக்கணக்கா இருக்கிறதைப் பார்க்கிறோம்.

அப்புறம், சிரோசிஸ் எல்லாம் குடியால வர்றதுன்னு யார் சொன்னது? ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்ல வரும். சுகர், தொப்பை, கொழுப்புக் கல்லீரல்ல வரும், இது இப்போ ஏறிக்கிட்டே போகுது. உடம்பே தன் கல்லீரலைத் தாக்குற நோய்ல வரும், அது பெண்களுக்கு அதிகம். வாழ்நாள்ல ஒரு சொட்டு தொடாத அம்மா ரத்தம் கக்கினா, தெரு அவங்களையும் ஒரு மாதிரி பார்க்குது. அந்த வெட்கத்துக்குப் பயந்து “அல்சர்”னு சொல்லிக்கிறாங்க. 2018ல இருந்து தேசிய திட்டத்துல ஹெபடைட்டிஸ் பி, சிக்கு அரசு மருத்துவமனைகள்ல பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஹெபடைட்டிஸ் சியை பெரும்பாலானவங்களுக்கு 12 வார மாத்திரையில குணப்படுத்திடலாம். இதையெல்லாம் சொல்லிக் கேக்க வேண்டிய ஆள் கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சிட்டு பத்திய சாப்பாட்டுல இருக்காரு. கீழாநெல்லி மேல எனக்குக் கோபம் இல்லை. அது புடைச்ச ரத்தக்குழாயோட அழுத்தத்தைக் குறைக்காது, அவ்வளவுதான். அதை நம்பி ஆறு மாசம் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப் போடுறதுதான் கொல்லும்.

இப்போ நீங்க செய்ய வேண்டியது.

டெங்கு வந்த பிறகு நம்ம ஊர்ல பிளேட்லெட் தெரியாத ஆள் கிடையாது. காய்ச்சல் வந்தா எண்ணிக்கையைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேக்குறோம். அதே ரிப்போர்ட்ல இன்னொரு சேதியும் இருக்கு. காய்ச்சல் எதுவும் இல்லை, ஆனா பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே, பல மாசமா அப்படியே இருக்கு. ஆள் குடிப்பவர், அல்லது சுகர் உள்ளவர், அல்லது முன்னாடி மஞ்சள் காமாலை வந்தவர். அப்போ பப்பாளி இலையைத் தேடாதீங்க. போர்ட்டல் அழுத்தம் ஏறி மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டைப் பிடிச்சு வச்சிருக்கலாம். வயித்து ஸ்கேனும் கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் எடுங்க. சிரோசிஸ்னு சொன்னா, “எண்டோஸ்கோப்பி பார்க்கணுமா, மாத்திரை ஆரம்பிக்கணுமா டாக்டர்?”னு நீங்களே வாயைத் திறந்து கேளுங்க. எல்லாருக்கும் தேவைப்படாது. ஆனா கேள்வி கேக்கப்படணும்.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. இந்த த்ரெட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்புல ப்ரோப்ரனலால் வாங்கிடாதீங்க. ஆஸ்துமா இருந்தா ஆபத்து. பிரஷர் ரொம்பக் குறைஞ்சவங்களுக்கு ஆகாது. நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் டோஸ் ஏத்துவோம்.

தறிக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு. குழித்தறியில காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்தா முதுகு விட்டுப் போகும்னு தெரியும். மெடிக்கல்ல போய் “இடுப்பு வலிக்கு ரெண்டு மாத்திரை”ன்னு வாங்கிப் போட்டுக்கிட்டு மறுபடி உட்கார்ந்திடுறீங்க. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் சிரோசிஸ் உள்ளவங்களுக்கு ரத்தக்கசிவைத் தூண்டும், கிட்னியைப் பழுதாக்கும். பாராசிட்டமால்தான் கல்லீரலுக்குக் கெடுதல்னு எல்லாரும் பயப்படுறாங்க. நிஜத்துல டாக்டர் சொல்ற அளவுக்குள்ள, பொதுவா ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்டாம இருந்தா, இவங்களுக்கு அதுதான் பாதுகாப்பான வலி மாத்திரை.

ரத்தம் எப்பவும் சிவப்பா வராது. தார் மாதிரி கறுப்பா, பிசுபிசுன்னு, நாத்தத்தோட மலம் போனாலும் அது உள்ளே கசிஞ்ச ரத்தம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனா அந்தப் பிசுபிசுப்பு இருக்காது. வாந்தியில காபித்தூள் மாதிரி வந்தாலும் ரத்தம்தான். “வாய்வு, சூடு”ன்னு மோரும் ஜெலூசிலும் கொடுத்துக்கிட்டு விடியட்டும்னு காத்திருக்காதீங்க. சிரோசிஸ் ரத்த வாந்தியில, நல்ல சிகிச்சை கிடைச்சாலும் ஆறு வாரத்துக்குள்ள இறக்கிறவங்க 100க்கு 15 முதல் 20 பேர். ஒரு காலத்துல இது 40க்கு மேல. குறைஞ்சதுக்குக் காரணம் சீக்கிரம் மருந்து, சீக்கிரம் ஆன்டிபயாடிக், 12 மணி நேரத்துக்குள்ள எண்டோஸ்கோப்பி. நீங்க காத்திருக்கிற ராத்திரி அந்த 12 மணி நேரத்துல பாதி.

108ஐக் கூப்பிடுங்க. வாயில எதுவும் கொடுக்காதீங்க, தண்ணிகூட வேண்டாம். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாந்தி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடக் கூடாது. பைக்ல நடுவுல உட்கார வச்சு கூட்டிட்டு வராதீங்க.

ஆஸ்பத்திரியில வந்து சண்டை போடுற ஒரு விஷயத்தையும் சொல்லிடறேன். “ரத்தம் இவ்வளவு போயிருக்கு, ஒரே ஒரு பாட்டில்தான் ஏத்துறீங்களா?” பாசத்துல கேக்குறது புரியுது. 2013ல் பார்சிலோனாவில 921 பேரை வச்சு ஒரு ஆய்வு வந்தது. ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனா மட்டும் ரத்தம் ஏத்தினவங்கள்ல ஆறு வாரம் கழிச்சு 95 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க. 9ஐ வச்சு தாராளமா ஏத்தினவங்கள்ல 91. ரத்தத்தை அள்ளி ஊத்தினா போர்ட்டல் அழுத்தம் மறுபடி ஏறி மறுபடி கசியும். ஆத்துல அடைப்பை எடுக்காம மேல இருந்து இன்னும் தண்ணி திறந்து விடுற கதை. டாக்டர் அளந்து ஏத்தினா அலட்சியம்னு நினைக்காதீங்க. அதே நேரம் “எண்டோஸ்கோப்பி எப்போ பண்றீங்க?”ன்னு விடாம கேளுங்க. அந்தக் கேள்விக்கு நான் உங்க பக்கம்.

கடைசியா, அந்த எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் பீரோவுக்குள்ள பட்டுப்புடவைக்கு அடியில வைக்காதீங்க. வீட்டுல ரெண்டு பேரோட மொபைல்ல போட்டோ எடுத்து வைங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ஒரு போட்டோ எனக்கு அரை மணி நேரத்தை மிச்சம் பண்ணும். சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டூட்டி முடிஞ்சதும் ஒவ்வொண்ணா பதில் போடறேன்.